பேர் வரும் இடம்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். விடிந்ததுமே தகரக் கூரை கொதிக்கிறது. கடல் காற்று எங்கே போய்த் தொலைந்ததோ. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. சேர்ந்தவனுக்கெல்லாம் ஒரு டைரி, ஒரு பேனா, கழுத்தில் தொங்க ஒரு நீல டேக். கொடுத்தது என்ன கொடுத்தது, கட்டின முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்றைய வெற்றி' என்று அச்சடித்து ஒரு கோடு. "ஜெயிக்கிறவன் தினமும் எழுதுவான்" என்றார் விக்னேஷ் சார். இனிமேல் வி.சா. என்று எழுதுகிறேன். டீம் லீடர். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். இந்த வெயிலிலும் கோட்டு. உள்ளே சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்.

அம்மாவுக்கு டேக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எழவு வூட்டு சோறு துன்னது போதும் நைனா. இத்த மாட்டிகினு நடந்து போ, தெருவே பாக்கட்டும்." நான் சாவு வீட்டில் கானா பாடுகிறவன். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எங்கே சாமியானா போட்டாலும் பாபுவின் டோலக்கும் என் குரலும். நல்ல பாட்டுக்காரன் என்று பேர் இருக்கிறது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனால் கதவைச் சாத்துவான் என்பது அம்மாவின் கவலை.

என்ன வேலை என்று இன்டர்வியூவிலேயே கேட்டேன். "கேள்வி கேக்கிறவன் கீழயே இருப்பான்" என்றார் வி.சா. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நேற்று முதல் வகுப்பு. மாதவரத்தில் டயர் கடை மாடி. போனையெல்லாம் வாங்கி ஒரு காலி பெயின்ட் பக்கெட்டில் போட்டு மூடினார்கள். விளக்கை அணைத்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். ஒரு சோகப் புல்லாங்குழல்.

"உங்க அம்மா ஐஸ் பெட்டியில படுத்திருக்காங்க. நீங்க இன்னும் ஒண்ணும் சாதிக்கல. கடைசியா அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

பக்கத்தில் ஒருவன் கேவினான். அப்புறம் வரிசை வரிசையாக. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எத்தனை ஐஸ் பெட்டியைப் பார்த்தவன் நான்! முதலில் கரன்ட் பாயின்ட் தேட வேண்டும், மூன்று வீடு தாண்டி ஒயர் இழுக்க வேண்டும், மோட்டார் சத்தத்தில் ஒப்பாரியே கேட்காது. இதையெல்லாம் வி.சா. சொல்லவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பார்த்துவிட்டார். விளக்கைப் போட்டு என்னை முன்னால் நிறுத்தினார். "இவனுக்கு அம்மா மேல பாசம் கிடையாது. அதனால பசியும் கிடையாது. இவனுக்காக எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க." தட்டினார்கள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

இன்றைய வெற்றி: ஒரு மயிரும் இல்லை.

மே 14, புதன்

டேக்கை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனால் கண்டக்டர் "சார்" என்கிறான். அது ஒன்று உண்மை.

என்ன விற்கிறோம் என்று இன்றுதான் சொன்னார்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். ஒரே ஒரு மெஷின் மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள். அதைத் தொடக் கூடாது.

மதியம் வி.சா. தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்கு ஏன் அழவில்லை என்றார். சாவு வீட்டில் பாடுகிறவன் சார், பழகிவிட்டது என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"பாடு பார்ப்போம்."

பாடினேன். ஒத்திகையில் பாடுகிற மாதிரியே. 'கொடியில காயுது பொடவை, கட்டிக்க வா...' அப்புறம் மேஜையில் விரலால் ஒரு அடி. அந்த இடத்தில் அடி மட்டும்தான்.

"அங்க என்ன?"

"அது பேர் வர்ற எடம் சார். செத்தவங்க பேரு. ஒத்திகையில சொல்ல மாட்டோம். அடி மட்டும் குடுப்போம்."

"ஏன்?"

உயிரோடு இருப்பவர் பேரை எழவுப் பாட்டில் வைக்கக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பது போலத்தான். பாபு இதில் இன்னும் மோசம், ஒத்திகையில் யாராவது விளையாட்டுக்குப் பேர் சொன்னால் டோலக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

"உங்க அம்மா பேர் போட்டுப் பாடு."

மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை. சிரித்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து மேஜையில் வைத்தார். டீம் லீடர் என்று அச்சு. அதன் மேல் என் பேர் மட்டும் இல்லை. "யோசி. உங்க அம்மா வேணாம். வேற யாரோட அம்மாவாவது."

மே 16, வெள்ளி

வெயில். கால் கொப்புளம். திருவொற்றியூரில் தெருத்தெருவாக.

வாங்கியவை: ஒரு டம்ளர் மோர், இரண்டு "அப்பால வா", ஒரு நாய், "தண்ணியே வரல, இதுல சுத்தம் பண்ண மெசின் விக்க வந்துட்டானுங்க!" (இதைச் சொன்ன பாட்டி காலிக் குடத்தோடு நின்றிருந்தார்.)

யாரும் மெஷின் விற்று நான் பார்க்கவில்லை. புதிதாக ஆள் சேர்த்தவனுக்குத்தான் மாலை, கை தட்டல். ஆளைத்தான் விற்கிறோம் போலிருக்கிறது.

நேரம் கழித்து வந்ததற்கு வி.சா. கத்தினார். நான் முறைத்தேன். "இன்னாடா மொறைக்கிற? தூக்கிப் போட்டு மெதிச்சிடுவேன்!" என்றார். அப்புறம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாரி, நேரம் முக்கியம்" என்று பழையபடி நல்ல தமிழுக்குத் திரும்பினார். புளியந்தோப்போ வியாசர்பாடியோ, நம்ம ஏரியாதான் ஆசாமி. இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார் அந்த வாயை?

மே 18, ஞாயிறு

பாடிவிட்டேன்.

டீ நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். சாவு வீட்டில் செய்கிற வேலைதான். பாடுவதற்கு முன் ஓரமாக உட்கார்ந்து கேட்போம்: பேர் என்ன, பிள்ளைங்க எத்தனை, எந்தக் கலர் புடவை பிடிக்கும், கோவம் வந்தா என்ன சொல்லும். இங்கே உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அதையே கேட்டேன். மணலியிலிருந்து வந்த ஒரு பையன். அம்மா பேர் செண்பகம். இட்லிக் கடை. அடுப்புப் புகையில் எப்போதும் கண் சிவந்திருக்குமாம்.

விளக்கு அணைந்தது. வி.சா. பேசினார். எனக்குச் சைகை காட்டினார். அந்த இடம் வந்தபோது அரை நொடி தயங்கினேன். 'கட்டிக்க வா செண்பகம்மா' என்று வாய் சொல்லிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. அந்தப் பையன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து "யம்மா, யம்மா" என்று தரையை அடித்தான். விளக்குப் போட்டதும் அந்த வரிசை முழுக்க எழுந்து போய் முன்பணம் கட்டிக் கம்பெனியில் சேர்ந்தது.

வி.சா. என்னைக் கட்டிப்பிடித்தார். வியர்வை நாற்றம். சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் நான் பாடி யாரும் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. சோறு போட்டு அனுப்புவார்கள், அதுவும் வாசலில்.

வீட்டில் நெத்திலிக் குழம்பு. இறங்காது என்று நினைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இன்றைய வெற்றி: செண்பகம்.

மே 20, செவ்வாய்

பாபுவுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் உளறினேன், பெருமையில். டீக்கடையில் எழுந்து நின்றான்.

"உசுரோட கீற பொம்பளய பாடயில வெச்சிட்டியேடா. கலீஜா இல்ல உனுக்கு?"

"ஒண்ணும் ஆவல மாமு. அந்தம்மா இன்னிக்கும் இட்லி சுட்டுகினு கீது."

"உங்கம்மா பேர ஏன் வெக்கல?"

கேட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டான். நான்தான் கொடுத்தேன். எழவு வீட்டில் டோலக் அடிக்கிறவனுக்கு இவ்வளவு ரோஷம். போடா.

மே 22, வியாழன்

புதுப் பெண் ஒன்று இன்டர்வியூவுக்கு. திவ்யா. எர்ணாவூர். பி.காம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். வி.சா. "உன் கனவு என்ன?" என்று கேட்டதற்கு, "ஏசி சார். எங்கம்மாவுக்கு" என்றாள்.

மாடிப்படியில் என்னிடம் வந்தாள். "அண்ணா, ஞாயித்துக்கெயம போன வாங்கி வெச்சிப்பாங்களாமே? எங்கம்மாக்கு வீசிங்ணா. பவர் ஹவுஸு சாம்பக் காத்து அடிச்சா மூச்சு நின்னுடும். அப்போ ஒரு ரிங்கு உடும் எனக்கு. பேச வராது அதுக்கு. ரிங்குதான். போன மட்டும் கைல வெச்சிக்கட்டா?"

வீட்டில் இவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா பேர் லோகநாயகி. தெருவில் லோகாம்மா. நானாகத்தான் கேட்டேன். பச்சைப் புடவை பிடிக்கும். கோவம் வந்தால் பேசாமல் பாத்திரத்தை மட்டும் உருட்டும். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வி.சா.விடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். பக்கெட்ட நீயே வெச்சிக்கோ. அவசரம்னா நீ எடுத்துக் கொடு." அதைத் திவ்யாவிடம் சொன்னேன். பக்கெட் என்கிட்டதான் இருக்கும், உங்கம்மா ரிங் விட்டா நானே ஓடி வந்து தரேன் என்றேன்.

"பிராமிஸா?"

"பிராமிஸ்."

"அப்ப சரிண்ணா. உன்ன நம்பிதான்."

கீழே இறங்கியபின் வி.சா. தோளில் கை போட்டார். ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தால் சிவப்பு டேக். பேர் அச்சடிக்கக் கொடுத்துவிட்டாராம். "அந்த எர்ணாவூர்ப் பொண்ணோட அம்மாவைப் பாடு. சீக்கு வேற. ஹால் தாங்காது."

மே 23, வெள்ளி

ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி வந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம்: "எம்புள்ள லீடராவப் போவுது." தடுக்கவில்லை.

செண்பகத்தின் இட்லிக் கடை பக்கம் மணலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உயிரோடுதான் இருக்கிறாள். கண் சிவந்திருந்தது. மூன்று இட்லி சாப்பிட்டேன். சட்னி சுமார்.

மே 25, ஞாயிறு

இதை எழுத வேண்டுமா என்று டைரியை மூடி மூடித் திறக்கிறேன்.

காற்று வடக்கிலிருந்து. காலையிலேயே தொண்டையில் கரகரப்பு. மொட்டை மாடியில் துணி மேல் சாம்பல் பொடி.

ஹால் நிறைந்துவிட்டது. போனையெல்லாம் வாங்கினேன். திவ்யா அவளுடையதைக் கடைசியாகப் போட்டாள், மேலாக இருக்கட்டும் என்று. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பாட நிற்கும் இடத்திலேயே, கால் பக்கத்தில் பக்கெட்டை வைத்துக்கொண்டேன். மூடியைச் சாத்தவில்லை. சத்தியமாக, அதற்காகத்தான் சாத்தவில்லை.

விளக்கு அணைந்தது. வி.சா. ஐஸ் பெட்டிக் கதையை இறக்கினார். நான் ஆரம்பித்தேன். கொடி, புடவை. பச்சைப் புடவை என்று மாற்றினேன். உருட்ட ஆளில்லாத பாத்திரம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்தேன். இரண்டாவது வரிசையில் திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

'லோகாம்மா' என்றேன். வீறிட்டாள்.

அப்போதுதான் பக்கெட்டில் வெளிச்சம். பிளாஸ்டிக்கில் போன் அதிர்கிற சத்தம், வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. குனிந்து பார்த்தேன். 'அம்மா' என்று எழுதியிருந்தது. போட்டோவும் இருந்தது. பச்சைப் புடவைதான்.

பாடிக்கொண்டே வி.சா.வைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தார். கழுத்தில் கையை வைத்து, டேக் தொங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அதிர்வு நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது. மறுபடி வந்தது. ஹால் முழுக்க அழுகிறது, திவ்யா "நான் பாத்துக்கறேம்மா, உன்ன நான் பாத்துக்கறேன்" என்று கத்துகிறாள், கீழே பக்கெட்டில் அவள் அம்மா கூப்பிடுகிறாள். நான் பாட்டை நிறுத்தவில்லை. காலால் மூடியை இழுத்து பக்கெட்டை மூடினேன். காலால்.

பிறகும் அடித்ததா தெரியாது. மூடினால் கேட்கவில்லை.

விளக்குப் போட்டதும் திவ்யாதான் முதலில் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். சாப்பாட்டுக்கு முன் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. யாரோ கடைக்காரரைக் கூப்பிட்டாள். பேசிக்கொண்டே செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

வி.சா. ஹாலைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா? ஒரு நெகட்டிவ் கால். இதுக்குத்தான் போனை வாங்கறோம்."

அவள் செருப்பு படியிலேயே கிடந்தது. ஓரமாக எடுத்து வைத்தேன். சாயங்காலம் சிவப்பு டேக். மேடையில் மாட்டினார்கள். ஜெகன், டீம் லீடர். வீட்டில் என் அம்மா அதை வாங்கித் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், சாமி படத்துக்குக் கீழே மாட்டினாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

எடுத்துக் கொடுத்திருந்தாலும் மாதவரத்திலிருந்து எர்ணாவூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும். பஸ் கிடைக்க வேண்டும். லாரிகள் வழி விட வேண்டும். அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. இழுப்பு வந்து தானாக அடங்கியிருக்கும். செண்பகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே.

இன்றைய வெற்றி:

மே 26, திங்கள்

காலையில் பாபு போன் செய்தான். பேசாமல் இருந்தவன்.

"எர்ணாவூர்ல ஒரு எழவு. பொம்பள. லோகநாயகின்னு பேரு. சாய்ங்காலம் எடுக்குறாங்க. உன்னிய கேட்டுச்சாம் அது பொண்ணு. ஜெகன் அண்ணன்தான் பாடணும்னு."

சாமி படத்துக்குக் கீழே தொங்கிய டேக்கைப் பார்த்தேன்.

"நீ பாடுன பேராடா?" என்றான்.

ஆமாம் என்றேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். "வண்டியோட வரேன், கெளம்பி இரு" என்று வைத்துவிட்டான்.

வி.சா.வுக்குச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். "போ. கட்டாயம் போ. கம்பெனி சார்பா ஒரு பெரிய மாலை. போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடு. சொந்தக்காரங்க நிறைய வருவாங்க, வேலையில்லாத பசங்க இருப்பாங்க. நம்பர் வாங்கிக்கோ. சிவப்பு டேக் போட்டுட்டுப் போ." டேக்கைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டேன். மாலை வாங்கினேன். வாங்கத்தான் செய்தேன்.

தெருவை அடைத்துச் சாமியானா. ஐஸ் பெட்டி. ஒயர் எதிர்க் கடையிலிருந்து வந்தது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகிற இடம்தான்.

திவ்யா தலைமாட்டில். அழுகை வற்றிய முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"வந்துட்டியாண்ணா" என்றாள். "அம்மா நெறய வாட்டி ரிங்கு உட்டுருக்குண்ணா. நான் எடுத்திருந்தா எதுருக்க கடைக்காரருக்குப் போன் போட்டிருப்பேன். அவரு ஓடிப்போயி தூக்கி உக்கார வெச்சி வாயில மூச்சு பம்ப் அடிச்சிருப்பாரு. எப்பவும் அவருதான் அடிப்பாரு." கையைப் பிசைந்தாள். "உனுக்குக் கேக்கலியாண்ணா?"

"கேக்கலம்மா. பாட்டுச் சத்தத்துல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையாட்டினாள். "அதான். கேட்டிருந்தா குடுத்திருப்ப. எனுக்குத் தெரியும்."

பாபு பக்கத்தில் டோலக் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

எடுப்பதற்கு முன் பாடினேன். கொடியில் ஒரு பச்சைப் புடவை நிஜமாகவே காய்ந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. 'கட்டிக்க வா...' என்று வந்தேன். பேர் வரும் இடம். பேரைச் சொல்லாமல் விட்டேன். பாபுவுக்குப் புரிந்தது, ஒத்திகை மாதிரி ஒரு அடி கொடுத்தான். முதல் வரிக்குத் திரும்பினேன். மறுபடி அந்த இடம். மறுபடி அடி மட்டும்.

சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர், "பேரு தெரியாத இன்னாடா பாடுறான் இவன்?" என்றார்.

திவ்யா ஐஸ் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பேரச் சொல்லுண்ணா. நேத்து எவ்ளோ அயகா சொன்ன. எங்கம்மா அத்தக் கேக்கவே இல்ல. இப்ப கேக்கட்டும். சொல்லு."

சொன்னேன். குரல் பிசிறில்லாமல் வந்தது. தெருவே அழுதது.